கேசட் திரும்பிய இடம்

1

திருச்சியில் இருக்கிற என் நண்பர்களுக்கு, நான் மலேசியாவில் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது இன்றுவரை சரியாகப் புரியவில்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன் என்றால் "சரி" என்கிறார்கள். மீதி நேரத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொன்னதும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

பதில் இதுதான். ஒரு பழைய ஆங்கில ராக் இசைக்குழு உலகமெங்கும் மேடையேறிய இரவுகளில், கூட்டத்தில் உட்கார்ந்து யாரோ ஒருவர் சட்டைக்குள் கருவியை ஒளித்துப் பதிவுசெய்த கச்சேரிகளைச் சேர்க்கிறேன். குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் "அதைவிட இது நல்ல குழு" என்று சண்டைக்கு வருவீர்கள். மீதிப் பேர் இணையத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கிழவர்களுக்காகவா என்று சிரிப்பீர்கள்.

கடையில் இசைத்தட்டு கிடைக்கும்போது இது எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி எனக்கு அலுத்துவிட்டது. இசைத்தட்டில் பாட்டு சாகும்வரை ஒரே மாதிரிதான் இருக்கும். மேடையில் ஒரு நாள் பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கும், ஒரு நாள் கிட்டார் கம்பி அறுந்து டிரம்ஸ்காரர் ஒற்றை ஆளாகச் சமாளித்துக்கொண்டிருப்பார். ஒரே ராகம், ஒரே வித்வான். ஆனால் மார்கழியில் ஒரு நாள் போல இன்னொரு நாள் இருக்குமா? நம் ஊரில் பிறந்துவிட்டு இதைக் கேட்கலாமா நீங்கள்?

இந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் ஒரு பதிவு. என்னிடம் இருப்பதிலேயே புதியது. பதிவுசெய்தவள் என் மகள் தர்ஷினி.

2

எங்கள் கூட்டத்துக்குச் சில சட்டங்கள் உண்டு. விற்கக் கூடாது. அனுமதி இல்லாமல் பதிவுசெய்வதே திருட்டு, அதை விற்று வேறு பிழைப்பதா? விற்காமல் இருப்பதுதான் எங்கள் கற்பு. கேசட் காலத்தில் ஒன்று வேண்டுமென்றால் ஒன்று கொடுக்கவேண்டும். கொடுக்க எதுவும் இல்லாத புது ஆள் இரண்டு காலிக் கேசட் அனுப்பினால், ஒன்று நிரம்பி வரும், மற்றது நிரப்பிக் கொடுத்தவருக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: வெட்டாதே. பாட்டுக்கு நடுவில் யாரோ இருமுவது, பக்கத்து நாற்காலிக்காரன் பீர் கொட்டிவிட்டுத் திட்டு வாங்குவது எல்லாம் அப்படியே இருக்கவேண்டும். பதிவுசெய்தவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேதான் அது முடியும்.

இந்த விஷயத்தில் என்னைவிடக் கறாரானவர் மணியம் அண்ணன். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் தபால் நிலைய முகப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இங்கு வந்த புதிதில் வாரம் தவறாமல் தடித்த உறைகளோடு அவர் முன்னால் போய் நிற்பேன். ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னா ஊர்க்காரரே, கேசட்டு கேசட்டா அனுப்புறீங்க? கடை கிடை வச்சிருக்கீங்களா?"

இந்தியாவிலிருந்து வந்தவனை இங்கே இப்படித்தான் கூப்பிடுவார்கள். விற்பதற்கில்லை என்று சொல்லி, குழுவின் பெயரையும் சொன்னேன். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. மனுஷன் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடித் தடுப்பருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எந்த வருசத்து டூரு?"

அன்றிலிருந்து நண்பர்கள். இருவருக்கும் ஒரே குறை. குழுவை நேரில் பார்த்ததும் இல்லை, சொந்தமாக ஒரு கச்சேரியைப் பதிவுசெய்து மற்றவர்களுக்குக் கொடுத்ததும் இல்லை. "ஊரான் ஊரான் வீட்டுப் பந்தியில உக்காந்து சாப்புட்டாச்சு, நாம ஒரு நாளாச்சும் எல போட்டோமா?" என்பார் மணியம் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் சுருக்கென்று இருக்கும்.

3

அந்தக் குழு கடைசியாக ஒரு சுற்று வருகிறது, சிங்கப்பூரிலும் ஒரு நாள் என்று செய்தி வந்தது. பழைய ஆட்களில் இரண்டே பேர் மிச்சம். இரண்டு டிக்கெட் எடுத்தேன். மணியம் அண்ணனுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது. அதனால் எனக்கு ஒன்று, சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கும் தர்ஷினிக்கு ஒன்று.

அப்போதுதான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். எனக்கு இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுதான். மனைவி இந்திராணி மலேசியக் குடிமகள், மகளும் அப்படியே. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் விசாவைப் புதுப்பித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவன். கடவுச்சீட்டு காலாவதியாகப் போகிறதே என்று விண்ணப்பம் எழுதினேன். மலேசியாவில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் ‘ஏ/எல்’ என்று போடுவார்கள். இன்னாருடைய மகன் என்று அர்த்தம். எத்தனையோ வருஷப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது: சுந்தர் ஏ/எல் பெருமாள். இந்தியக் கடவுச்சீட்டில் ஏது ஏ/எல்? விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினேன். பழைய கடவுச்சீட்டு தூதரகத்தில், புதியது வரவில்லை, கச்சேரி நெருங்குகிறது. குற்றம் சொல்லக்கூட ஆளில்லை, எழுதியவன் நான்.

திருச்சிக்குப் போனாலும் இதே கூத்துதான். போன தடவை தங்கையிடம் "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். வீடே சிரித்தது. கடையில், இங்கே ரிங்கிட்டைச் சொல்கிற பழக்கத்தில் "எத்தனை வெள்ளி?" என்றேன், கடைக்காரர் நகைக்கடைக்கு வழி சொன்னார். இங்கே ஊர்க்காரன், அங்கே மலேசியாக்காரன்.

இங்குள்ள அலுவலகங்களில் தகப்பன் பெயரைத்தான் கடைசிப் பெயர் என்று எண்ணிக் கூப்பிடுவார்கள். "என்சிக் பெருமாள்!" பெருமாள் ஐயா என்று மரியாதையாகத்தான். ஆரம்பத்தில் நான் எழுந்திருக்கவே மாட்டேன், அப்பா எங்கே இங்கே வந்தார் என்று இருக்கும். இப்போதெல்லாம் முதல் குரலிலேயே எழுந்துவிடுகிறேன்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். எனக்கு மலேசியாவில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் போகிறேன் என்று சொன்னபோது சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "பிளேன்ல எத்தனை கிலோ விடுவான்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. மகன் கடல் தாண்டிப் போகிறான், மனுஷன் மூட்டை எடையை விசாரிக்கிறாரே! அந்தக் கோபம் எனக்கு வருஷக்கணக்காக இருந்தது.

4

என் டிக்கெட் தர்ஷினியின் தோழி ஷர்மிளாவுக்குப் போயிற்று. பதிவுக்கருவி ஒரு பஸ் நடத்துனர் மூலம் சிங்கப்பூருக்குப் போயிற்று. அதன் பின்னாலேயே தொலைபேசியில் என் பாடமும் போயிற்று.

"கைதட்டாதே. பேசாதே. கூடப் பாடாதே. ஷர்மிளாவையும் சும்மா இருக்கச் சொல்லு."

"அப்பா, கச்சேரிக்குப் போறோமா, ஐசியூவுக்குப் போறோமா?"

"நிறுத்தற பட்டனத் தொடவே தொடாதே. கடைசிப் பாட்டுன்னு நெனச்சு நிறுத்திடுவாங்க, அப்புறம் திரும்பி வந்து இன்னொண்ணு பாடுவாங்க. எத்தனை பேர் அப்படிக் கோட்டை விட்டிருக்காங்க தெரியுமா? வெளியே ரோட்டுக்கு வந்த பிறகுதான் நிறுத்தணும்."

"சரி சரி, தொட மாட்டேன் லா."

இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு, அலுத்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டாள். அவள் என் சங்கீதத்தை விட்டு விலகி வெகுகாலம் ஆகிறது. எனக்கு அது தெரியும்.

சின்ன வயதில் அப்படி இல்லை. எங்கள் வீடு சிம்பாங் பூலாயில். காலையில் சலவைக்கல் லாரிகளுக்கு நடுவே காரை ஓட்டிக்கொண்டு அவளை ஈப்போவில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் ஜெலாப்பாங் போகவேண்டும். காரில் ஒரே கேசட். மணியம் அண்ணன் கொடுத்தது, ஏதோ ஐரோப்பிய நகரத்துக் கச்சேரி. அதில் என் உயிர்ப் பாட்டு ஒன்று உண்டு. இரண்டாவது சரணம் பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது கேசட்டின் முதல் பக்கம் முடிந்துவிடும். பதிவுசெய்தவர் இருட்டில் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் மௌனம், அப்புறம் மூன்றாவது சரணத்தின் நடுவில் பாடகர் உச்சத்தில் கத்திக்கொண்டிருப்பார். தர்ஷினி பின் இருக்கையில் அந்த மௌனத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். சரியான இடத்தில் சேர்ந்து கத்துவாள்.

பிற்பாடு அதே பாட்டின் முழுப் பதிவு வேறொரு ஊரிலிருந்து கிடைத்தது. பெருமையாகப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அப்பா, இது தப்பு. இதுல நெறைய இருக்கு" என்றாள். அப்போது அவளுக்கு ஆறு வயது இருக்கும்.

இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் காதில் சொந்த இயர்போன் வந்தது. நான் கேசட்டைப் போட்டால் "அப்பா, ப்ளீஸ்" என்பாள். அப்புறம் கல்லூரி, சிங்கப்பூர், வாரம் ஒரு தொலைபேசி, அதுவும் பெரும்பாலும் அம்மாவோடு. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பெற்ற மனசு, குறை படாமல் இருக்கிறதா?

5

கச்சேரி முடிந்து நான்கைந்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, பதிவு இணையம் வழியாக வந்து சேர்ந்தது. அறைக் கதவைச் சாத்தினேன். ஹெட்போனை மாட்டினேன்.

என்ன பதிவு ஐயா அது! ஊசி போட்டுப் பழகிய கை, நடுக்கம் என்பதே இல்லை. இரண்டு மணி நேரமும் ஒரு கைதட்டல் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. பாடகருக்குக் குரல் போய்விட்டது, மறைப்பானேன். ஆனால் என் உயிர்ப் பாட்டைப் பாடினார்கள், ஒரு வரி விடாமல் முழுசாகப் பாடினார்கள். நான் கண்ணீர் விட்டேன். முதன்முறையாக எங்கள் வீட்டிலிருந்து உலகத்துக்கு ஒரு இலை போடப்போகிறோம் என்று ஒரு கர்வம். கூடவே ஒரு சங்கடமும் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கேயும் தர்ஷினி இல்லை. நான் சொன்னபடியே செய்திருக்கிறாள், ஒரு மூச்சுச் சத்தம்கூட விடவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. விளக்குப் போட்டார்கள் போலிருக்கிறது, கூட்டம் கலைகிற சத்தம். படிக்கட்டு. காற்று. கார்கள். ரோட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் நிறுத்தவில்லை. தொடவே தொடாதே என்று நான்தானே அரட்டி வைத்தேன், கருவியையே மறந்துவிட்டாள். பழக்கமில்லாதவர்கள் எல்லோரும் செய்கிற தவறுதான். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

ஷர்மிளாவின் குரல்: "எத்தன நாளைக்குத்தான் உங்கப்பாகிட்ட சொல்லாம இருப்பே?"

"சொல்லணும் லா. அவரு பாஸ்போர்ட்டு வரட்டும். இப்பவே மனுஷன் காஞ்சு போய் இருக்காரு, கச்சேரிக்கு வர முடியலன்னு."

"ஜனவரில டிக்கெட்டு. அயர்லாந்துன்னா பக்கத்து ஊரா? அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கு அப்பவே தெரியும். வேல இண்டர்வியூக்கு முன்னாடியே."

"அப்பா கத்துவாரா?"

"கத்தினாத்தான் பரவால்லையே. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அந்த ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டு ஹெட்போன மாட்டிக்குவாரு. அதான் பயமா இருக்கு."

நான் சாத்திய கதவைப் பார்த்தேன். ஹெட்போனைக் கழற்ற வேண்டும் என்று தோன்றியது. கழற்றினால் மீதி கேட்காதே!

இருவரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். அப்புறம் தர்ஷினி பாட ஆரம்பித்தாள், தனக்குள்ளேயே, மெல்ல. என் பாட்டு. முதல் சரணம், இரண்டாவது சரணத்தில் பாதி. நிறுத்தினாள். செருப்புச் சத்தம் மட்டும். அப்புறம் மூன்றாவது சரணத்தின் நடுவில், உச்சத்தில் எடுத்தாள்.

"ஏய், நடுவுல காணோம்? இப்பதானே முழுசா பாடுனாங்க?"

"எங்க வீட்ல இப்படித்தான் லா" என்றாள் என் மகள்.

6

அதற்கப்புறம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காரைக் கழுவினேன். முதல் நாள்தான் கழுவியிருந்தேன். வாசல் குழாயைக் கழற்றி மாட்டினேன். இந்திராணி அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அயர்லாந்து சமாச்சாரம் ஒனக்கு முன்னாடியே தெரியுமாமே?"

கத்தி நின்றது. "யாரு சொன்னா?"

"யார் சொன்னா என்ன? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எங்கிட்ட மறைச்சிருக்கே."

"அவளே சொல்லட்டும்னு விட்டேன். நான் சொன்னா நல்லா இருக்காது." கத்தி மறுபடி நடந்தது. "அப்புறம் என்னா சொன்னீங்க, ஒரே வீடா? உங்க ரூமு வேற நாடுங்க. உள்ள வரணும்னா பாஸ்போர்ட்டு வேணும்."

அவள் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? ஆனாலும் கோபம் அடங்கவில்லை. எனக்கு யார் மேல் கோபம் என்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் எங்கெங்கோ முகம் தெரியாதவர்களின் இருமலை எல்லாம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். பெற்ற பெண் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயப்படுகிறாள்.

மறுநாள் மணியம் அண்ணன் கோப்பிக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். பதிவின் பிரதிக்காகப் பத்து தடவை போன் செய்துவிட்டார். சட்டப்படி முழுசாகத்தான் கொடுக்கவேண்டும். அதை அவர் கேட்பார், அவரிடமிருந்து உலகமெல்லாம் போகும். என் பெண் ரோட்டில் நடந்துகொண்டே சொன்னதை, தமிழ் தெரிந்த எவனோ எங்கோ உட்கார்ந்து கேட்பான். கணினியில் கத்தரிக்கோல் பட்டனுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். விளக்குப் போட்ட இடத்தில் வெட்டினேன். என் கையால் ஒரு பதிவை வெட்டியது அதுதான் முதல் தடவை.

கோப்பி ஆறும்வரை காத்திருக்க மணியம் அண்ணனால் முடியவில்லை. கைப்பேசியில் மாற்றிக்கொண்டு முதலில் கடைசியைத்தான் கேட்டார். இதில் அவரை ஏமாற்ற முடியாது.

"என்னா ஊர்க்காரரே, டக்குனு நின்னு போச்சு? வெட்டுனீங்களா?"

"வெட்டினேண்ணே."

"ஐயையோ, நீங்களா! ஒரு தும்மலக்கூட வெட்டாத ஆளாச்சே!"

"பின்னாடி இருக்கறது குடும்ப விஷயம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோப்பியைக் கலக்கினார், ஏற்கெனவே கலக்கியிருந்த கோப்பி. "அப்ப சரி லா" என்றார். "ஆனா முழுசு உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கு."

"அழிச்சிறாதீங்க" என்றுவிட்டு, முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார்.

7

அன்று சாயங்காலம் தர்ஷினியே கூப்பிட்டாள். அம்மாவை விட்டு நேராக என் எண்ணுக்கு. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறாளாம். நான் அறையில்தான் இருந்தேன்.

"ரெக்காடிங் எப்படிப்பா இருக்கு? ஒண்ணுமே சொல்லலையே நீங்க?"

"பிரமாதம்மா. எங்கிட்ட இருக்கறதுலயே அதுதான் நல்லா இருக்கு."

"பொய்."

"சத்தியமா."

"மணியம் அங்கிளுக்குக் குடுத்தாச்சா?"

"குடுத்தேன். கடைசியில கொஞ்சம் வெட்டிட்டுக் குடுத்தேன்."

"வெட்டுனீங்களா?" சிரித்தாள். "நீங்களா? நீங்கதான் வெட்டவே மாட்டீங்களே. ஏன்?"

"நீ ரோட்டுக்கு வந்தப்புறமும் நிறுத்தலைம்மா."

சிங்கப்பூர் பஸ் ஒன்று வந்து நின்று, கிளம்பிப் போனது கேட்டது. அவள் ஏறவில்லை. நான் அவசரப்படவில்லை. கேசட் திரும்புகிற நேரம் அது, இரண்டு பேருக்கும் தெரிந்த மௌனம்தான்.

"எல்லாத்தயும் கேட்டீங்களா?"

"கேட்டேன். பாட்டையும் கேட்டேன்."

"அப்பா… நான் சொல்லணும்னுதான்…"

"இரு" என்றேன். "ஒரு நிமிஷம் இரு. வச்சுடாதே."

கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். கதவைத் திறந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். இந்திராணி ஈரக்கையோடு திரும்பினாள். போனை அரிசி டின் மேல், எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

எவ்வளவோ கேட்கவேண்டும் என்றுதான் வந்தேன். ஏன் இவ்வளவு தூரம், தனியாக எப்படி இருப்பாய், எங்களை விட்டுவிட்டுப் போகிறாயா என்றெல்லாம். இந்திராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பிளேன்ல எத்தனை கிலோம்மா விடறாங்க?" என்று கேட்டேன்.